கூரை வீசும் வெப்பம்: ஒரு வீட்டுக் கணக்கு



ஞாயிற்றுக்கிழமைகளில் செபராங் பிறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பத்தோடு படகேறி ஜார்ஜ்டவுனுக்கு வருவது நம்மில் பலருக்குப் பழக்கம். கோயிலுக்குப் போய்விட்டு, பினாங்குத் தெருவில் துணிமணி பார்த்துவிட்டு, மாலையில் சாத்தே வாட்டும் ஒரு கடையின் முன்னால் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஓலை விசிறியால் கரியை வீசிக்கொண்டிருக்கிறார். நம் முதுகுப் பக்கத்திலிருந்து கடற்காற்றும் அடுப்பை நோக்கி அடிக்கிறது. ஆனாலும் அடுப்பின் சூடு நம் முகத்தில் சுள்ளென்று படுகிறது. காற்று அடுப்பை நோக்கிப் போகும்போது, சூடு எப்படிக் காற்றை எதிர்த்து நம்மிடம் வந்தது?

இன்னொன்றும் செய்து பாருங்கள். கையில் இருக்கும் தட்டை முகத்துக்கு முன்னால் பிடியுங்கள். அந்தக் கணமே முகத்தில் சூடு நிற்கிறது. தட்டை எடுத்தால் அந்தக் கணமே மீண்டும் சுடுகிறது. காற்று சுமந்து வந்த வெப்பமாக இருந்தால் இவ்வளவு விரைவில் நின்று, இவ்வளவு விரைவில் திரும்பி வராது. இது ஒளியைப் போல நேர்கோட்டில், ஒளியின் வேகத்திலேயே வரும் வெப்பம். இதைத்தான் வெப்பக் கதிர்வீசல் என்கிறோம்.

வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மூன்று வழிகளில் செல்கிறது என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். குழம்புச் சட்டியில் விட்ட கரண்டியின் காம்பு சுடுவது வெப்பக் கடத்தல். உலைநீர் அடியில் சூடாகி மேலே எழும்புவது வெப்பச் சலனம். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு பொருள் வேண்டும். மூன்றாவதான கதிர்வீசலுக்கு எதுவும் வேண்டாம். சூரியனின் வெப்பம் வெற்று வெளியைக் கடந்து நம் முற்றத்துக்கு வருவது இந்த வழியில்தான்.

இன்று நாம் பேசப் போவது சூரியனைப் பற்றியோ சாத்தே அடுப்பைப் பற்றியோ அல்ல. நம் தலைக்கு மேலே இருக்கும் தகரக் கூரையைப் பற்றியே. அந்தக் கூரை, கீழே இருக்கிறவர்கள் மேல் எவ்வளவு வெப்பத்தை வீசுகிறது? அதைக் கணக்கிட முடியுமா? கணக்கிட்டால் என்ன பயன்? பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் வீட்டில் இருந்தால் போதும், முடியும். ஆகவே ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஒரு சொல்லை நினைவுபடுத்திக் கொள்வோம். "அத்தாப்புக் கூரை இருந்த காலத்தில் வீடு குளிர்ச்சியாக இருந்தது. தகரம் வந்தது, மழைக்கு நல்லது, ஆனால் மத்தியானத்தில் இருக்க முடியவில்லை" என்பார்கள். இளையவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. பழையதெல்லாம் நல்லது என்று சொல்வது பெரியவர்களின் இயல்பு என்று நினைப்பார்கள். பாட்டி சொன்னது உண்மையா இல்லையா என்பதை இன்றைய கணக்கின் முடிவில் பார்த்துவிடுவோம்.

இந்தக் கணக்கை நமக்குத் தந்தவர் யோசப் ஸ்டெஃபான் என்ற அறிஞர். அவர் 1835ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டின் கிளாகன்ஃபர்ட் நகருக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை மாவு ஆலையில் உதவியாளர், தாய் வீட்டு வேலை செய்தவர். உழைப்பாளிகளின் வீட்டில் பிறந்த அந்தப் பிள்ளை பின்னாளில் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவர் காலத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஒரு பொருளின் சூடு ஏற ஏற, அது வீசும் வெப்பம் எந்த அளவில் ஏறுகிறது? இங்கிலாந்தில் ஜான் டிண்டால் என்பவர் பிளாட்டினக் கம்பியைக் காய்ச்சி அளந்திருந்தார். கம்பி மங்கிய சிவப்பாக இருக்கும்போது வீசிய வெப்பத்தைவிட, வெண்மையாகக் காய்ந்தபோது வீசிய வெப்பம் ஏறக்குறைய 11.7 மடங்கு. மங்கிய சிவப்பு என்பது 525 பாகை செல்சியஸ் என்றும், வெண்காய்ச்சல் என்பது 1,200 பாகை என்றும் கொள்ளப்பட்டது. 1,200 என்பது 525ஐப் போல இரண்டு மடங்கும் சொச்சமும்தான். வெப்பம் மட்டும் எப்படி 11 மடங்குக்கு மேல் போயிற்று?

ஸ்டெஃபான் இதற்கு விடை கண்டார். சூட்டை நீர் உறையும் நிலையிலிருந்து அளக்கக் கூடாது, சூடு என்பதே இல்லாத அடிமட்டத்திலிருந்து அளக்க வேண்டும். அந்த அடிமட்டம் செல்சியஸ் கணக்கில் சுழிக்குக் கீழே 273 பாகை. ஆகவே செல்சியஸோடு 273ஐக் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டி வரும் எண்ணைக் கெல்வின் என்கிறோம். 525 என்பது 798 ஆகிறது. 1,200 என்பது 1,473 ஆகிறது. 1,473ஐ 798ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.846 வருகிறது. இதை நான்கு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள். வருவது 11.6. டிண்டால் அளந்ததற்கு மிக அருகில் இருக்கிறது!

1879ஆம் ஆண்டில் ஸ்டெஃபான் இதை விதியாக வெளியிட்டார். அவருடைய மாணவர் லூட்விக் போல்ட்ஸ்மான் 1884இல் அந்த விதி ஏன் அப்படி இருக்கிறது என்று கணித முறையில் நிறுவினார். இன்று இருவர் பெயராலும் அது ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதி என்று வழங்குகிறது.

நாம் வீட்டில் பயன்படுத்த வசதியாக அந்த விதியை இப்படிச் சொல்லலாம். பொருளின் செல்சியஸ் சூட்டோடு 273ஐக் கூட்டுங்கள். 100ஆல் வகுங்கள். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்த விடையை மறுபடியும் அதே விடையால் பெருக்குங்கள். கடைசியில் 5.67ஆல் பெருக்குங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து எத்தனை வாட் வெப்பம் வீசப்படும் என்பது கிடைத்துவிடும். வாட் என்பது நமக்குப் புதிய சொல் அல்ல. பல்பின் மேலும் இஸ்திரிப் பெட்டியின் அடியிலும் எழுதியிருக்கும் அதே வாட்தான்.

இனி நம் கூரைக்கு வருவோம். நல்ல வெயிலில் தகரக் கூரை 60 பாகை செல்சியஸ் வரை காய்கிறது என்று எடுத்துக்கொள்வோம். இது மிகையான எண் அல்ல. நண்பகல் தகரத்தில் கையை வைத்து எடுத்தவர்களுக்கு இது தெரியும்.

60ஓடு 273ஐக் கூட்டினால் 333. நூறால் வகுத்தால் 3.33. மூன்று புள்ளி மூன்று மூன்றை அதே எண்ணால் பெருக்கினால் 11.09. அதை மீண்டும் அதே எண்ணால் பெருக்கினால் 123. அதை 5.67ஆல் பெருக்கினால் 697. ஆகவே கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் கீழ்நோக்கி 697 வாட் வெப்பத்தை வீசுகிறது.

இதைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். இது கணக்கின் பாதிதான். கூரை நம்மை நோக்கி வீசுவதைப் போல, நாமும் கூரையை நோக்கி வீசுகிறோம். உலகில் சூடு உள்ள ஒவ்வொரு பொருளும், பனிக்கட்டி கூட, வெப்பத்தை வீசிக்கொண்டுதான் இருக்கிறது. கடைத்தெருவில் கொடுக்கலும் வாங்கலும் போல இது இரு பக்கமும் நடக்கிறது. கணக்கில் எஞ்சி நிற்பது, கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே.

நம் தோலின் சூடு ஏறக்குறைய 34 பாகை. 273ஐக் கூட்டினால் 307. நூறால் வகுத்தால் 3.07. தன்னால் பெருக்கினால் 9.42. மீண்டும் தன்னால் பெருக்கினால் 88.7. 5.67ஆல் பெருக்கினால் 503. நாம் வீசுவது 503 வாட், கூரை வீசுவது 697 வாட். வேறுபாடு 194 வாட். நம் உடலில் கூரையை மட்டுமே நேராகப் பார்க்கும் ஒவ்வொரு சதுர மீட்டரும் இந்த அளவு வெப்பத்தை வாங்குகிறது.

194 வாட் என்றால் எவ்வளவு? சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடல் முழுவதும் உண்டாக்கும் வெப்பம் ஏறக்குறைய 100 வாட். அந்த வெப்பத்தை வெளியே தள்ளுவதற்குத்தான் உடல் வியர்க்கிறது. உள்ளே இருப்பதையே தள்ள வேண்டிய நேரத்தில் மேலிருந்து புதிய சுமை ஏறினால், களைப்பும் தலைவலியும் எரிச்சலும் வருவதில் வியப்பில்லை. கைக்குழந்தைக்கும் வயோதிகருக்கும் இந்தச் சுமையைத் தாங்கும் வலு குறைவு.

இப்போது பாட்டியின் சொல்லைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். அத்தாப்பு ஓலை வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேல்பக்கம் எவ்வளவு காய்ந்தாலும் அடிப்பக்கம் வீட்டுக் காற்றைவிடச் சிறிதளவே சூடாக இருக்கும். அடிப்பக்கச் சூடு 36 பாகை என்று கொண்டால், வீசுவது 517 வாட். நாம் வீசும் 503ஐக் கழித்தால் எஞ்சுவது 14 வாட். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் உள்ள மண் ஓட்டுக் கூரையின் அடிப்பக்கம் 45 பாகை என்று கொண்டால், 580 வாட். கழித்தால் 77.

அத்தாப்பு 14, ஓடு 77, தகரம் 194. பாட்டி சொன்னது முதுமையின் பேச்சு அல்ல, இயற்பியல் உண்மை. சூட்டளவை அளக்கும் கருவி இல்லாமலே அவர்கள் தோலால் அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே ஜார்ஜ்டவுனின் பழைய வீடுகளைப் பற்றி ஒரு சொல். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து இந்நகரை உலகப் பாரம்பரிய நகராக அறிவித்தது. பெருமைக்குரிய அந்தக் கடைவீடுகளில் அடுத்த முறை நுழையும்போது அண்ணாந்து பாருங்கள். மேலே ஓடு. பலவற்றில் ஓட்டுக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே ஒரு மாடித்தளம். நடு வீட்டில் வானம் தெரியும் முற்றம். வாசலில் நிழல் தரும் அஞ்சடி. கடைக்குள் இருக்கிறவர் காய்ந்த கூரையை நேருக்கு நேர் பார்ப்பதில்லை, மாடியின் பலகையைத்தான் பார்க்கிறார். தகரத்தின் கீழே உட்கார்ந்திருக்கும் நாமோ காய்ந்த உலோகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் முதன்மையான வேறுபாடு இதுவே.

"பார்ப்பது" என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொன்னோம். கதிர்வீசல் கணக்கில் இது மிக முக்கியம். ஒரு பரப்பு இன்னொரு பரப்பை எவ்வளவு பார்க்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அதனிடமிருந்து வெப்பத்தை வாங்கும். இதைப் பார்வைப் பங்கு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பிள்ளையின் கண்ணில் தெரிவதெல்லாம் கூரையாகவே இருந்தால் பங்கு முழுமை, அதாவது 1. பாதி கூரையும் பாதி சுவருமாகத் தெரிந்தால் பங்கு ஏறக்குறைய அரை.

4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 12 சதுர மீட்டர். 2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பும் ஏறக்குறைய இதுதான். ஆகவே கணக்கு எளிதாவதற்காகக் கூரையை அப்படியொரு வட்டமாக எண்ணிக்கொள்வோம். வட்டத்தின் நடுவுக்கு நேர் கீழே படுத்திருப்பவருக்குரிய பார்வைப் பங்கைக் காண ஓர் எளிய வழி உண்டு. ஆரத்தைத் தன்னால் பெருக்குங்கள், 4 வருகிறது. கூரைக்கும் படுக்கைக்கும் உள்ள உயரத்தைத் தன்னால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையால் 4ஐ வகுங்கள்.

பிள்ளை தரையில் பாயில் படுத்திருக்கிறது, கூரை 3 மீட்டர் மேலே இருக்கிறது என்றால், 4ஓடு 9ஐக் கூட்டி 13. நான்கை 13ஆல் வகுத்தால் 0.31. அதே பிள்ளை இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில், கூரைக்கு 1 மீட்டர் கீழே படுத்திருக்கிறது என்றால், 4ஓடு 1ஐக் கூட்டி 5. நான்கை 5ஆல் வகுத்தால் 0.8. கூரையிலிருந்து 194 வாட் என்ற கணக்கை இந்தப் பங்கால் பெருக்கினால், பாயில் படுத்த பிள்ளைக்கு ஏறக்குறைய 60 வாட். மேல்தட்டில் படுத்த பிள்ளைக்கு 155 வாட்.

ஒரே வீடு, ஒரே கூரை, ஒரே நேரம். ஆனால் மேலே படுத்த பிள்ளை இரண்டரை மடங்கு வெப்பத்தை வாங்குகிறது. அதோடு சூடான காற்றும் மேலேயே தங்குகிறது. தாய்மார்களே, தொட்டில் கட்டுகிறவர்களே, இதை மனத்தில் வையுங்கள். பகலில் தொட்டிலை எவ்வளவு தாழ்வாகக் கட்டலாமோ அவ்வளவு தாழ்வாகக் கட்டுங்கள். பகல் தூக்கத்துக்கு மேல்தட்டு வேண்டாம். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

எந்த நேரத்தில் இது கடுமையாக இருக்கும்? சூரியன் உச்சிக்கு வரும்போதுதான். ஆனால் நம் நாட்டில் உச்சிப்பொழுது கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. பினாங்கு மேற்கே இருப்பதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1 மணி 20 நிமிட அளவில். ஜார்ஜ்டவுன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகை சொச்சத்தில் இருப்பதால், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் சூரியன் சரியாகத் தலைக்கு மேலேயே நிற்கிறது. காலைப் பள்ளி முடிந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுத உட்காரும் நேரமும் அதுதான். "பிள்ளை புத்தகத்தை எடுத்தாலே தூங்கி வழிகிறான்" என்று நம்மிடம் வந்து சொல்லும் பெற்றோர் உண்டு. குற்றம் முழுவதும் பிள்ளையுடையது அல்ல. கொஞ்சம் கூரையுடையது.

சரி, இதற்கு என்ன செய்வது? பலர் முதலில் நினைப்பது இன்னொரு விசிறி வாங்குவதைத்தான். விசிறி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கிறது. ஆனால் விசிறி காற்றைத்தான் தள்ளும், கதிரைத் தள்ளாது. சாத்தே அடுப்பின் சூட்டைக் கடற்காற்று தடுக்கவில்லை, ஒரு தட்டு தடுத்தது. ஆகவே நம் தலைக்கும் தகரத்துக்கும் நடுவே நமக்கு வேண்டியது ஒரு தட்டு. வீட்டு மொழியில் சொன்னால் ஓர் உட்கூரை, அதாவது சீலிங்.

உட்கூரை எந்த அளவுக்கு உதவும் என்பதையும் கணக்கிடலாம். இதற்கு இன்னும் ஒரே ஒரு செய்தி தெரிய வேண்டும். எல்லாப் பரப்புகளும் ஒரே அளவில் வெப்பத்தை வீசுவதில்லை. முழுமையாக வீசும் பரப்புக்கு 1 என்று மதிப்பெண் கொடுத்தால், மரப்பலகை, சுண்ணாம்புச் சுவர், சாயம் பூசிய பரப்பு, அடுப்புப் புகை படிந்து கறுத்த தகரம் ஆகியவற்றுக்கு 0.9 அளவில் கொடுக்கலாம். மனிதத் தோலுக்கு 0.97க்கு மேல். கறுப்புத் தோல், வெள்ளைத் தோல் என்ற வேறுபாடு இந்தக் கதிருக்குத் தெரியாது. ஆனால் பளபளப்பான அலுமினியத் தாளுக்கு மதிப்பெண் வெறும் 0.05தான். அது தன் மேல் விழும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தானும் மிகக் குறைவாகவே வீசும். இந்த மதிப்பெண்ணை வீசுதிறன் என்பார்கள்.

இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று முழுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால், அவற்றின் இடைவெளிக்கு ஒரு தடை எண் உண்டு. ஒன்றை முதல் பரப்பின் வீசுதிறனால் வகுங்கள். ஒன்றை இரண்டாம் பரப்பின் வீசுதிறனால் வகுங்கள். இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். அவ்வளவுதான்.

கறுத்த தகரமும் வீட்டுத் தரையும், இரண்டும் 0.9 என்றால், 1.11ஓடு 1.11ஐக் கூட்டி ஒன்றைக் கழிக்க 1.22. தகரம் 697 வாட், 30 பாகையில் உள்ள தரை 478 வாட், வேறுபாடு 219. அதை 1.22ஆல் வகுத்தால் ஏறக்குறைய 180 வாட். பன்னிரண்டு சதுர மீட்டர் அறைக்கு 2,160 வாட். வீட்டுக்கூரையில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, நண்பகல் முழுவதும் எரியவிட்டது போன்றது இது.

நடுவே சாதாரணப் பலகையால் ஓர் உட்கூரை அடித்தால், ஓர் இடைவெளி இரண்டாகிறது. தடை எண்ணும் இரட்டிப்பாகி 2.44 ஆகிறது. 219ஐ அதனால் வகுத்தால் 90 வாட். ஒரே ஒரு பலகை பாதி வெப்பத்தை நிறுத்திவிட்டது. ஓர் இஸ்திரிப் பெட்டி அணைந்தது.

அந்தப் பலகையின் ஒரு பக்கத்தில் அலுமினியத் தாளை ஒட்டினால் என்ன ஆகும்? தாளும் தகரமும் பார்த்துக்கொள்ளும் இடைவெளியில் ஒன்றை 0.05ஆல் வகுக்க 20 வருகிறது. அதோடு 1.11ஐக் கூட்டி ஒன்றைக் கழிக்க 20.11. கீழ் இடைவெளியின் 1.22ஐச் சேர்த்தால் 21.33. இருநூற்றுப் பத்தொன்பதை இதனால் வகுத்தால் 10 வாட் சொச்சம். பன்னிரண்டு சதுர மீட்டருக்கும் சேர்த்து ஏறக்குறைய 123 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய பல்பு அளவு வெப்பமே எஞ்சுகிறது!

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உண்மை வீட்டில் குறைவு இவ்வளவு இராது. தகரத்துக்கும் உட்கூரைக்கும் நடுவே உள்ள காற்றும் சூடாகி உட்கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். சுவர் வழியாகவும் சன்னல் வழியாகவும் வெப்பம் வரும். ஆனால் சூடான காற்று மேலேயே நிற்கும் இயல்புடையது. ஆகவே காய்ந்த கூரையிலிருந்து கீழ்நோக்கி வரும் வெப்பத்தில் பெரும்பங்கு கதிர் வழியாகவே வருகிறது. அதை நிறுத்துவதுதான் முதல் வேலை.

உட்கூரை அமைக்கும்போது சில செய்திகளைக் கவனிக்க வேண்டும். அலுமினியத் தாளின் பளபளப்பான பக்கம் தகரத்தையோ வேறு பலகையையோ தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தொட்டால் வெப்பம் கடத்தல் வழியாக இறங்கிவிடும். அந்தப் பக்கத்தில் ஒரு கையளவாவது இடைவெளி வேண்டும். பளபளப்பு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் தடை எண் ஒன்றுதான். ஆனால் மேலே இருந்தால் காலப்போக்கில் தூசி படியும். தூசியின் வீசுதிறன் 0.9 அளவு, ஆகவே பயன் போய்விடும். கீழ்நோக்கி வைத்தால் தூசி தங்காது. நடு இடைவெளியின் சூடான காற்று வெளியேற, இரு முகட்டுச் சுவர்களிலும் வலையடித்த துளை விடுங்கள்.

அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி ஓடும் இடத்தில் அதைப் படவிடவே கூடாது. பழைய கம்பிகள் உள்ள வீடுகளில் மின்தொழிலாளியைக் கேட்காமல் தாள் விரிக்காதீர்கள். அடுப்புக்கு நேர் மேலேயும் வேண்டாம். பழைய கூரை சில இடங்களில் தகரமாக இல்லாமல் கல்நார்த் தகடாக, அதாவது ஆஸ்பெஸ்டாசாக இருக்கலாம். அதை உடைக்கவோ துளைக்கவோ சுரண்டவோ கூடாது. அதன் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு.

கூரைக்கு மேல்பக்கம் வெள்ளைச் சாயம் பூசுவதும் நல்ல வழி. வெள்ளைச் சாயம் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பியடிக்கிறது. வாங்கிய சொச்சத்தையும் தன் உயர்ந்த வீசுதிறனால் வானத்தை நோக்கி வீசிவிடுகிறது. நம் ஊர் மழையில் பாசியும் அழுக்கும் சேர்ந்து கறுத்துவிடும் என்பதால் அவ்வப்போது கழுவ வேண்டும். பழைய தகரத்தின் மேல் ஏறுவது ஆபத்து. அதைத் தொழில் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

வானத்தை நோக்கி வீசுவது என்றோம். இதை நீங்கள் விடியற்காலையில் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். பால் வெட்டப் புறப்படும் நேரத்தில், மழையே பெய்யாத இரவிலும் தகரக் கூரையில் நீர் துளித்து நிற்கும். தெளிந்த இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனியாகப் படிகிறது. ஒரு காலத்தில் வட இந்தியாவில் அலகாபாத் பக்கத்தில், குளிர்கால இரவுகளில் ஆழமற்ற மண்சட்டிகளில் நீர் ஊற்றி, விடியுமுன் பனிக்கட்டி எடுத்தார்கள். காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருந்த இரவுகளிலும் நீர் உறைந்தது. இதை ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775இல் இலண்டன் அறிஞர் சபையின் ஏட்டில் விவரித்தார். பகலில் நம்மைச் சுடும் அதே விதிதான் இரவில் குளிர்விக்கவும் செய்கிறது.

நாளை ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வெயில் உள்ள நாளில், பகல் ஒன்றேகால் மணி அளவில், கூரைக்கு அருகில் உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துப் பிடியுங்கள். பிறகு கைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். அடுத்து அதே தாளின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். மூன்று முறையும் உள்ளங்கை என்ன சொல்கிறது என்று பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். கூரையின் அடியில் சூடுமானி ஒன்றைக் கட்டி, இன்று நாம் 60 என்று வைத்துக்கொண்ட எண் உங்கள் வீட்டில் உண்மையில் எவ்வளவு என்று பார்க்கட்டும். பிறகு அந்த எண்ணை வைத்துக் கணக்கை அவர்களே போடட்டும்.

இந்தக் கணக்கால் இன்னொரு பயனும் உண்டு. வீட்டைப் பழுதுபார்த்துத் தரக் கேட்டுத் தோட்ட அலுவலகத்துக்கு எழுதும்போது, "வீடு சூடாக இருக்கிறது" என்று எழுதுவது வழக்கம். அதைப் படிக்கிறவர், "எல்லா வீடும்தான் சூடு" என்று சொல்லி மடித்து வைத்துவிடலாம். "கூரையின் அடிப்பக்கம் இத்தனை பாகை, அறைக்குள் வீசும் வெப்பம் இத்தனை வாட், ஓர் உட்கூரையால் இதில் பாதி குறையும், அலுமினியத் தாளோடு பெரும்பகுதி குறையும்" என்று உங்கள் மகளோ மகனோ கணக்குப் போட்டு இணைத்த கடிதத்தை அவ்வளவு எளிதாக மடித்து வைக்க முடியாது. கணக்குத் தெரிந்தவனின் கேள்விக்குக் கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மாவு ஆலை உதவியாளரின் மகன் கண்ட விதி இது. தோட்டத்துப் பிள்ளை ஒன்று பென்சிலால் அதைப் போட்டு, தன் தம்பி தங்கையர் உறங்கும் இடத்தைச் சிறிது குளிர்விக்குமானால், அந்தக் கணக்குக்கு அதைவிடச் சிறந்த பயன் வேறில்லை.